ஆங்கிலத்தில் ஆய்வுக்கட்டுரை எழுதக் கற்பித்தல்: வன்னி மாணவரோடு வேலை செய்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பம்பைமடுவில் உள்ள வவுனியாப் பல்கலைக்கழகத்திலும், கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்களிலும் ஆங்கிலம் கற்பிப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஆங்கில ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பவர்களுக்கும், வெளிவாரியாக ஆங்கிலத்தில் பட்டம் படிப்பவர்களுக்கு உதவுபவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

எங்கள் மாணவர்களில் மிகப் பலர் உயர்தரம் வரை தமிழில் படித்தவர்கள். பொது ஆங்கிலப் பரீட்சை எழுதியிருப்பார்கள். ஆனால் அந்தப் பெறுபேறு பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியில் சேராது. அதனால் ரியூசனுக்கு ஓடிய வருடங்களில் அதற்கென்று நேரம் ஒதுக்கியவர்கள் குறைவு. முதலாம் வருடத்தில் விரிவுரையும் ஒப்படையும் ஆங்கிலத்துக்கு மாறுகின்றன. இறுதி வருடத்தில் ஆய்வேடு கேட்கப்படுகிறது. இடையில் ஆய்வு எழுத்தை யாரும் முறையாகச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

இந்த நிலையில் பலரும் இலக்கணத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார்கள். அது போதாது என்று உறுதியாக நினைக்கிறேன். காலங்களையும் முன்னிடைச் சொற்களையும் சரியாக எழுதப் பழகிய மாணவருக்கும் ஆய்வு என்றால் என்ன என்று தெரியாமலே போகலாம். "உமக்கு இது எப்படித் தெரியும்?" என்ற கேள்விக்குத் தன் எழுத்திலேயே பதில் வைக்கப் பழகுவதுதான் ஆய்வு எழுத்தின் அடிப்படை. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தக் கேள்வியிலிருந்தே வருகின்றன.

முதல் வகுப்பு: கற்சிலைமடுக் கல்

வன்னியை ஆண்டு ஆங்கிலேயரை எதிர்த்த பண்டாரவன்னியனின் கதையோடு தொடங்குங்கள். வன்னியில் படித்த எந்த மாணவருக்கும் அது தெரியும். அவனைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் தமிழில் சொல்லச் சொல்லிக் கரும்பலகையில் எழுதுங்கள். முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கியது, ஆங்கிலேயரோடு மோதியது, காட்டிக்கொடுக்கப்பட்டது, வீரமரணம் அடைந்தது என்று பலகை நிரம்பிவிடும்.

பிறகு ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு கோடு போட்டு, அது எப்படித் தெரியும் என்று கேளுங்கள். பாடப்புத்தகம், அப்பப்பா சொன்னது, நாடகம், மேடைப்பேச்சு என்று பதில்கள் வரும். எதையும் மட்டம் தட்ட வேண்டாம். பதில்களை அப்படியே எழுதுங்கள். அதன்பின் ஒட்டுசுட்டானுக்கு அருகே கற்சிலைமடுவில் நாட்டப்பட்ட கல்லின் வாசகத்துக்கு வாருங்கள். கப்டன் வொன் ட்ரீபேர்க் இவ்விடத்துக்கு அண்மையில் 1803 ஒக்டோபர் 31 அன்று பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் என்று அந்த ஆங்கில வாசகம் சொல்கிறது.

இப்போது கேள்விகளை மாணவர்களே கேட்கட்டும். கல் சொல்வது தோல்வியை. மரணத்தைப் பற்றி அதில் எதுவும் இல்லை. அதிலுள்ள திகதி சண்டையின் திகதி. கல் நாட்டிய திகதி அல்ல. பேசும் குரல் வென்ற பக்கத்தின் குரல். ஆகவே இந்தக் கல்லை வைத்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்ல முடியாது? மக்கள் நினைவில் உள்ள கதையைக் கட்டுரையில் கொண்டுவருவதானால் அதை எந்த வகைச் சான்றாகக் கொண்டுவருவது? ஒரு மணித்தியாலத்தில் சான்று, மூலம், முன்வைக்கும் கூற்று, வரம்பு ஆகிய நான்கையும் மாணவர்கள் தங்கள் வாயாலேயே சொல்லிவிடுவார்கள். கலைச்சொற்களை அதன் பிறகு கொடுத்தால் போதும்.

ஒரு பக்கம் எழுதவிட்டுப் பார்த்தல்

இரண்டாம் வகுப்பில் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். புள்ளி இல்லை, சிவப்பு மை இல்லை. "எங்கள் ஊர்ப் பாடசாலையில் ஆங்கிலம் எப்படிக் கற்பிக்கப்படுகிறது?" போன்ற, எல்லோருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும் கேள்வியாக இருக்கட்டும். வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்கும்போது இலக்கணப் பிழையை எண்ணாமல் மூன்று விடயங்களைத் தேடுங்கள்.

ஒன்று, தொடக்கம். "இன்றைய நவீன உலகிலே" என்றோ "ஆதிகாலம் தொட்டு" என்றோ தொடங்கும் பள்ளிக்கூடக் கட்டுரைப் பழக்கம். இரண்டு, முடிவு. "ஆகவே நாம் அனைவரும் ஒன்றுபட்டு" என்று அறிவுரையில் போய் நிற்பது. மூன்று, நடுவில் யார் சொன்னது என்று தெரியாமல் மிதக்கும் பொது உண்மைகள். சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் நல்ல புள்ளி வாங்கித் தந்த வடிவம் இது. மாணவர் அதை விசுவாசமாகக் கடைப்பிடிக்கிறார். எனவே அதைத் தவறு என்று சொல்லாமல், பரீட்சைக் கட்டுரைக்கும் ஆய்வுக்கட்டுரைக்கும் வாசகர் வேறு என்று விளக்குங்கள். பரீட்சகர் மாணவரின் மொழித் திறனைப் பார்க்கிறார். ஆய்வை வாசிப்பவர் தனக்குத் தெரியாத ஒன்றை அறிய வருகிறார்.

தலைப்பைக் கேள்வியாக்குதல்

15 வாரப் பருவத்தில் முழுதாக மூன்று வாரத்தை இதற்குக் கொடுங்கள். பலர் இதை அரை மணித்தியாலத்தில் முடித்துவிடுகிறார்கள். பிறகு ஆய்வேடு திருத்தும் காலம் முழுவதும் அதன் விளைவோடு போராடுகிறார்கள்.

மாணவர் கொண்டுவரும் தலைப்பு பெரும்பாலும் "வன்னியில் ஆங்கிலக் கல்வியின் பிரச்சினைகள்" என்பது போல இருக்கும். அதை நான்கு இடங்களில் வெட்ட வேண்டும். வன்னி என்றால் எது? எந்த வகுப்பு? ஆங்கிலக் கல்வியில் எது? பிரச்சினை யாருக்கு?

முதல் வெட்டே நல்ல பயிற்சி. வன்னித் தேர்தல் மாவட்டம் என்றால் வவுனியா, மன்னார், முல்லைத்தீவு மூன்றும்தான். கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் சேர்கிறது. ஆனால் பேச்சில் கிளிநொச்சி இல்லாத வன்னி இல்லை. கட்டுரையில் இரண்டில் எதைக் கருதுகிறார் என்று மாணவர் ஒரு வரியில் சொல்லியாக வேண்டும். சனத்தொகைக் கணக்கெடுப்பிலும் இதே சிக்கல். 1981இல் கிளிநொச்சி தனி மாவட்டமாக இருக்கவில்லை. அது 1984இல்தான் உருவானது. 2001 கணக்கெடுப்பு வடக்கில் முழுமையாக நடக்கவில்லை. 1981க்குப் பிறகு நாடு முழுவதையும் முதலில் எண்ணியது 2012 கணக்கெடுப்பு. இது தெரியாமல் "2001இலிருந்து முல்லைத்தீவின் சனத்தொகை" என்று ஒரு வாக்கியம் தொடங்கினால் அதற்கு அடியில் நிலம் இல்லை.

வெட்டி முடிந்தபின் அந்தத் தலைப்பு இப்படி ஆகலாம்: "நெடுங்கேணிப் பக்கத்து இரண்டு பாடசாலைகளில் பத்தாம் தர ஆங்கில வாசிப்புப் பாடத்தில், ஆசிரியர் எந்தச் சந்தர்ப்பங்களில் தமிழுக்கு மாறுகிறார்?" இதை மூன்று சோதனைகளில் வையுங்கள். ஒரு பருவத்துக்குள், மாணவரின் பேருந்துச் செலவுக்குள், பதில் தேட முடியுமா? முடியும், ஆறேழு பாடங்களைப் போய்ப் பார்த்தால் போதும். பதில் ஏற்கனவே தெரிந்ததா? இல்லை. இரண்டு விதமான பதில் வர வாய்ப்பு உண்டா? உண்டு, இலக்கணம் விளக்கவும் மாறலாம், வகுப்பை அடக்கவும் மாறலாம். மூன்றாவது சோதனையில்தான் அதிகமான தலைப்புகள் விழும். "கிராமப்புற மாணவருக்கு ஆங்கில ஆசிரியர் தேவை" என்பதற்கு மறுபக்கம் இல்லை. அதை ஆராய ஒன்றும் இல்லை.

இலக்கியம் படிப்பவர்களுக்கும் இதே வெட்டுத்தான். "இந்த நாவலில் பெண்கள்" என்று வருபவரை, எந்த அத்தியாயத்தில், யார் பேசும்போது, எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது என்று கேட்டு ஒரு பக்கத்துக்குள் இறக்குங்கள்.

மனிதரிடம் போகுமுன்

வன்னியில் ஆய்வு செய்யும்போது இந்தப் படியைத் தாண்டவே கூடாது. போர் முடிந்த 2009இல் இந்த நிலப்பரப்பில் இருந்தவர்கள் பலர் எல்லாவற்றையும் இழந்து, இடம்பெயர்ந்தோருக்கான மெனிக் பாம் முகாமில் இருந்து, பிறகு மீள்குடியேறியவர்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடும் குடும்பங்கள் இன்னும் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. வருகிற எவரும் படிவத்தோடு வருகிறார்கள், பதிலை எடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்த வரிசையில் எங்கள் மாணவரும் ஒருவராகிவிடக் கூடாது.

ஆகவே முதலாவது பட்டதாரி ஆய்வுக்கு, இழப்பைப் பற்றி நேரடியாகக் கேட்கும் தலைப்புகளை நான் ஊக்குவிப்பதில்லை. அவை முக்கியமானவை, அதனாலேயே பயிற்சியும், மனநல ஆதரவுக்கான ஏற்பாடும், நீண்ட கால உறவும் உள்ளவர்கள் செய்ய வேண்டியவை. மாணவரே அந்த இழப்பின் உள்ளே இருந்து வந்தவராகவும் இருக்கலாம். அவர் பிடிவாதமாக அந்தத் தலைப்பையே கேட்டால் மறுக்காமல், தனியாக இருந்து பேசுங்கள். பிரசுரமான சாட்சியங்களையோ பத்திரிகைகளையோ வைத்துச் செய்ய வழிகாட்டுங்கள்.

எந்தத் தலைப்பானாலும் சம்மதப் படிவம் தமிழில் இருக்க வேண்டும், வாசித்துக் காட்டப்பட வேண்டும். எந்த நேரமும் நிறுத்தலாம் என்பதை வாயால் சொல்ல வேண்டும். பாடசாலைக்குள் போவதானால் அதிபரின் அனுமதியும் வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதியும், பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோரின் சம்மதமும் வேண்டும். பீடத்தின் நெறிமுறைக் குழுவின் அங்கீகாரம் கைக்கு வரும் முன் ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது. அங்கீகாரத்துக்கு வாரங்கள் எடுக்கும் என்பதால் விண்ணப்பம் எழுதுவதையே ஒரு ஒப்படையாக ஆக்கிவிடுங்கள். தெளிவாக, சுருக்கமாக, வாசகரை மனதில் வைத்து எழுதுவதற்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

பெயரை மாற்றுவது மட்டும் போதாது. "முத்தையன்கட்டுப் பக்கத்தில் உள்ள ஒரே பெண் அதிபர்" என்று எழுதினால் ஊருக்கே ஆளைத் தெரியும். எங்கள் ஊர்கள் சிறியவை. பதவி, கிராமம், பால், வயது ஆகியவற்றில் எந்த இரண்டைச் சேர்த்தால் ஆள் வெளிப்படுவார் என்று மாணவரையே யோசிக்கச் சொல்லுங்கள்.

மூலங்களைத் தேடலும் வாசித்தலும்

வீட்டில் கணினி இல்லாத, தொலைபேசி டேட்டாவை அளந்து பாவிக்கிற மாணவரை வைத்துத்தான் திட்டமிட வேண்டும். பல்கலைக்கழக இணைப்பு உள்ள இடத்தில் ஒரு முழு வகுப்பைப் பதிவிறக்கத்துக்கே ஒதுக்குங்கள். ஆய்வுக்கட்டுரைகளுக்கான தேடுபொறியான கூகிள் ஸ்கொலரில் தேடுவதைத் திரையில் செய்து காட்டுங்கள். குறிப்பாக, ஒரு நல்ல கட்டுரை கிடைத்ததும் அதை மேற்கோள் காட்டிய பிந்திய கட்டுரைகளுக்குத் தாவுவது எப்படி என்று காட்டுங்கள். இலங்கை ஆய்விதழ்களுக்கு ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் என்ற இணையத்தளம் இருக்கிறது, இலவசம். தமிழ் மூலங்களுக்கு 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தை விட்டால் வேறு இடமில்லை. ஊர் மலர்களும் பாடசாலை மலர்களும் பழைய சஞ்சிகைகளும் அங்கே கிடக்கின்றன. மாவட்டச் செயலகப் புள்ளிவிபரக் கையேடுகளையும் மறக்க வேண்டாம். இறக்கியதையெல்லாம் மூலங்களைச் சேமித்து உசாத்துணைப் பட்டியலும் தயாரித்துத் தரும் சொட்டேரோ என்ற இலவச மென்பொருளில் அன்றைக்கே சேர்க்கப் பழக்குங்கள்.

பழைய மூலத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று காட்ட, ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கையேடு பொருத்தமானது. காலனித்துவ நிர்வாகி ஒருவர் நிர்வாகத் தேவைக்காக எழுதியது. அன்று எந்தக் குளங்கள் பதிவாகின, நிர்வாகம் மக்களை எப்படி வகைப்படுத்தியது என்பதற்கு அது நேர்ச்சான்று. மக்கள் தங்களை எப்படிக் கருதினார்கள் என்பதற்கு அது நேர்ச்சான்று ஆகாது. இந்த வேறுபாட்டை ஒரு பத்தியில் எழுதச் சொல்லுங்கள்.

ஆய்வுக்கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசிக்க முயன்று, இரண்டாம் பக்கத்தில் சோர்ந்துபோகிற மாணவர்கள் நிறையப் பேர். முதலில் ஆய்வுச்சுருக்கம், அடுத்து அறிமுகத்தின் கடைசிப் பந்தி, பிறகு அட்டவணைகள், பிறகு முடிவுரை என்று வாசிக்கச் சொல்லுங்கள். இவ்வளவையும் பார்த்தபின் தனக்கு வேண்டியதுதான் என்று தோன்றினால் மட்டும் முறையியலுக்குப் போகட்டும். ஒவ்வொரு மூலத்துக்கும் ஒரு அரைப்பக்கக் குறிப்பு: என்ன சொல்கிறார், எப்படிக் கண்டுபிடித்தார், யாரைப் பற்றிக் கண்டுபிடித்தார், என் கேள்விக்கு இதில் எது உதவும். குறிப்பு தமிழில் இருந்தால் இன்னும் நல்லது. ஆங்கில வரிகளைப் பார்த்தெழுதும் ஆபத்து அங்கேயே குறைகிறது.

பிறர் கருத்தைத் தன் வசனத்தில் சொல்லுதல்

எழுத்துத் திருட்டு என்று வெருட்டுவதால் பயன் இல்லை. பார்த்தெழுதும் மாணவரில் பலர் ஏமாற்ற நினைப்பவர்கள் அல்லர். வேறு விதமாகச் சொல்லத் தெரியாதவர்கள், அல்லது புத்தக வசனத்தை மாற்றுவது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர்கள். மனனம் செய்து அப்படியே ஒப்புவித்தால் பாராட்டுக் கிடைத்த பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவர்களுக்கு வழியைக் காட்ட வேண்டும்.

ஒரு உதாரணம். ஆங்கில மூலத்தின் கருத்து இது என்று வையுங்கள்: "உலர் வலயத்தில் மழையின் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் பெய்கிறது, ஆகவே சிறுபோகச் செய்கையின் பரப்பைக் குளத்தில் மிஞ்சியிருக்கும் நீரே தீர்மானிக்கிறது." மாணவர் எழுதுவது பெரும்பாலும் இப்படி இருக்கும்: "உலர் வலயத்தில் மழையின் அதிக பங்கு வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் கிடைக்கிறது, எனவே சிறுபோகப் பயிர்ச்செய்கையின் அளவைக் குளத்தில் எஞ்சிய நீரே முடிவு செய்கிறது." சொற்கள் மாறின, எலும்புக்கூடு மாறவில்லை. மூலத்தின் பெயரை அடியில் போட்டாலும் இது பார்த்தெழுதியதுதான்.

மாற்றுவழி: மூலத்தை மூடிவையுங்கள். பக்கத்தில் இருப்பவருக்கு அந்தக் கருத்தைத் தமிழில், வீட்டில் அம்மாவுக்குச் சொல்வதைப் போலச் சொல்லுங்கள். கேட்டவர் விளங்கவில்லை என்றால் மறுபடி சொல்லுங்கள். அதன் பிறகு, மூலத்தைத் திறக்காமலே, ஆங்கிலத்தில் எழுதுங்கள். அப்போது வருவது இப்படி இருக்கும்: "மாரியில் குளம் எவ்வளவு நிரம்பியதோ அதைப் பொறுத்துத்தான் விவசாயி சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று இன்னார் காட்டுகிறார்." கடைசியாக மூலத்தைத் திறந்து, பொருள் மாறியதா, எண் பிழைத்ததா என்று சரிபாருங்கள். இரணைமடுக் குளத்து நீரில் வயல் செய்யும் வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கருத்தைச் சொல்லத் தமிழில் சொல் தேட வேண்டியதே இல்லை. அந்த அறிவை ஆங்கிலப் பக்கத்துக்குக் கொண்டுவருவதுதான் எங்கள் வேலை.

மேற்கோள் முறையில் துறை எதைக் கேட்கிறதோ அதை மட்டும் கற்பியுங்கள். சமூக அறிவியலுக்கும் கல்வியியலுக்கும் பெரும்பாலும் ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கத்தின் முறை), 2019இல் வந்த ஏழாம் பதிப்பு. இலக்கியத்துக்கு எம்.எல்.ஏ. (அமெரிக்க நவீன மொழிச் சங்கத்தின் முறை), 2021இல் வந்த ஒன்பதாம் பதிப்பு. முதலாவதில் ஆசிரியரும் ஆண்டும், இரண்டாவதில் ஆசிரியரும் பக்கமும் வசனத்துக்குள் வரும். புள்ளியும் காற்புள்ளியும் மனனம் செய்ய வேண்டியதில்லை, மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

மென்பொருளுக்கு விளங்காதது எங்கள் பெயர்கள். தமிழறிஞர் கா. சிவத்தம்பி என்பதில் "கா" தகப்பன் பெயர். பட்டியலில் சிவத்தம்பி என்றுதான் முதலில் வரும். சுரேஷ் கனகராஜா என்று எழுதுபவர் கனகராஜாவின் கீழ் வருவார். ஒருவர் தன் பெயரை எப்படிப் பிரசுரித்தாரோ அதைப் பின்பற்றுவதே வழி. ஒரே கட்டுரையில் ஒருவரை இரண்டு இடத்தில் இரண்டு விதமாக வைக்கக் கூடாது. தமிழ் நூலை ஆங்கிலக் கட்டுரையில் காட்டும்போது, ஏ.பி.ஏ. முறைப்படி, தலைப்பை ரோம எழுத்தில் ஒலிபெயர்த்து, அருகே சதுர அடைப்புக்குள் ஆங்கிலப் பொருளைக் கொடுக்க வேண்டும். தமிழ் மூலம் காட்டினால் தரம் குறைந்துவிடும் என்று பயப்படும் மாணவர்கள் உண்டு. வன்னியைப் பற்றிய ஆய்வில் தமிழ் மூலமே இல்லாவிட்டால்தான் நான் சந்தேகப்படுவேன்.

கட்டுரையின் உடல்

கள ஆய்வுக் கட்டுரைக்கு அறிமுகம், முறை, பெறுபேறு, கலந்துரையாடல் என்ற ஒழுங்கு எல்லோருக்கும் தெரியும். எழுதும் ஒழுங்கு வேறு. முறையியலை முதலில் எழுதவிடுங்கள். மாணவர் தான் செய்ததைச் சொல்கிறார். தடுமாற்றம் குறைவு, தன்னம்பிக்கை வரும். அடுத்து பெறுபேறு, பிறகு கலந்துரையாடல், பிறகு அறிமுகம், ஆய்வுச்சுருக்கம் கடைசி.

அறிமுகத்துக்கு மொழியியலாளர் ஜோன் சுவேல்ஸ் 1990இல் விளக்கிய மூன்று நகர்வுகள் இன்றும் மிகப் பயனுள்ளவை. முதலில் களத்தைக் காட்டுவது: இதைப் பற்றி ஏற்கனவே என்ன தெரியும். அடுத்து இடைவெளியைக் காட்டுவது: எது இன்னும் பார்க்கப்படவில்லை. பிறகு அந்த இடத்தைத் தன்னுடையதாக்குவது: இந்தக் கட்டுரை எதைச் செய்கிறது. பிரசுரமான கட்டுரைகள் சிலவற்றின் அறிமுகங்களைப் படியெடுத்துக் கொடுத்து, மூன்று நிறப் பேனையால் மூன்று நகர்வுகளையும் கோடிடச் சொல்லுங்கள். பிறகு தங்கள் வரைவிலும் அதையே செய்யட்டும். இரண்டாவது நிறம் இல்லாத வரைவுகள்தான் அதிகம். இடைவெளியைச் சொல்லத் தயங்குகிறார்கள். பெரிய ஆட்களைக் குறை சொல்வதாக நினைக்கிறார்கள். "இன்னார் கொழும்புப் பாடசாலைகளைப் பார்த்திருக்கிறார், மீள்குடியேறிய பிரதேசப் பாடசாலைகள் அந்த ஆய்வில் இல்லை" என்பது குறை அல்ல, வேலையைத் தொடர்வது என்று விளக்குங்கள்.

இந்த இடத்தில் மேலே பெயர் சொன்ன சுரேஷ் கனகராஜாவைப் பற்றி ஒரு வார்த்தை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் போர்க்காலத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். ஆய்விதழும் தாளும் கிடைக்காத ஒரு சமூகத்து அறிஞர்கள் மேற்கின் ஆய்விதழ்களை எதிர்கொண்ட விதத்தை 2002இல் ஒரு நூலாக எழுதினார். இடைவெளி காட்டுவது எல்லாப் பண்பாட்டிலும் ஒரே வகையில் செய்யப்படுவதில்லை என்ற விவாதத்துக்கு மாணவரைக் கொண்டுவர அவருடைய எழுத்து நல்ல வாசல். வகுப்பில் சில பக்கங்களாவது வாசியுங்கள்.

இலக்கியக் கட்டுரைக்கு இந்த நான்கு பகுதி தேவையில்லை. ஒரு வாதம், அதைத் தாங்கும் பாட வரிகள், ஒவ்வொரு வரிக்கும் பிறகு அந்த வரியைப் பற்றிய மாணவரின் சொந்த வாசிப்பு. மேற்கோள் எத்தனை வரியோ அதைவிட விளக்கம் கூடுதலாக இருக்க வேண்டும் என்று ஒரு விதி வைத்தால் கதைச்சுருக்கம் எழுதும் பழக்கம் தானாகக் குறையும்.

வசனம்

தமிழில் "வந்து, பார்த்து, கேட்டு, எழுதி" என்று எச்சங்களால் நீட்டிக்கொண்டு போகலாம். கடைசியில் ஒரு வினைமுற்று எல்லாவற்றையும் கட்டிவிடும். அதே பழக்கத்தில் ஆங்கிலத்தில் காற்புள்ளியால் நான்கு வசனங்களை ஒட்டுகிறார்கள். வினையைக் கோடிட்டு, எழுவாய் எங்கே என்று கேட்டால் மாணவரே வெட்டிவிடுவார். பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் "ஏ", "த" இரண்டும் எங்களுக்குக் கடைசிவரை தொல்லைதான். அதற்காக வகுப்பு நேரத்தை இழக்க வேண்டாம், இறுதித் திருத்தத்தில் பார்க்கலாம்.

நேரம் செலவழிக்க வேண்டியது உறுதியின் அளவில். இரண்டு பாடசாலையில் பார்த்துவிட்டு "புரூவ்" என்ற வினையை எழுதுவது தவறு; "சஜெஸ்ட்" என்று எழுத வேண்டும். "ஓல் டீச்சர்ஸ்" என்பதை "மோஸ்ட் ஒஃப் த டீச்சர்ஸ் ஒப்சேர்வ்ட்" என்று குறுக்க வேண்டும். வகுப்பில் ஒரே கண்டுபிடிப்பை எடுத்து, ஐந்து வினைகளால் ஐந்து வலிமையில் எழுதச் சொல்லி, தங்கள் சான்று எதைத் தாங்கும் என்று வாதாடவிடுங்கள். "உமக்கு எப்படித் தெரியும்?" இங்கே இலக்கணமாகவே மாறிவிடுகிறது. சொல்வளத்துக்கு அவெரில் கொக்ஸ்ஹெட் 2000இல் தொகுத்த 570 கல்விசார் சொற்குடும்பங்களின் பட்டியலும், மன்செஸ்டர் பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்கும், ஆய்வு எழுத்தில் வழங்கும் சொற்றொடர்களின் வங்கியும் போதும்.

செயற்கை நுண்ணறிவு

தடை என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. ஒவ்வொரு தொலைபேசியிலும் இருக்கிறது. பீடத்தின் விதி எதுவோ அதை முதல் வாரமே எழுத்தில் கொடுங்கள். இந்தக் கருவிகள் இல்லாத கட்டுரைகளையும் இல்லாத ஆசிரியர்களையும் உண்மை போலவே உருவாக்கித் தரும். அதை வகுப்பிலேயே காட்டலாம்: ஒரு தலைப்புக்குப் பத்து உசாத்துணை கேட்டு, வந்ததை ஒவ்வொன்றாக டி.ஓ.ஐ. எண்ணாலும் (இணையத்தில் ஒரு கட்டுரைக்குக் கொடுக்கப்படும் நிலையான அடையாள எண்) நூலகப் பட்டியலாலும் தேடச் சொல்லுங்கள். உசாத்துணையில் உள்ள ஒவ்வொரு மூலத்துக்கும் வாசித்த அரைப்பக்கக் குறிப்பை இணைக்க வேண்டும் என்பது நல்ல விதி. அத்தோடு ஒவ்வொரு மாணவருடனும் ஐந்து நிமிட வாய்மொழி: இந்தப் பந்தி எங்கிருந்து வந்தது, ஏன் இந்த வினையைப் போட்டீர்? தமிழில் பதில் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

திருத்துதல்

மூன்று வரைவு, மூன்று விதமான திருத்தம். முதல் வரைவில் கேள்வியும் சான்றும் மட்டும். ஒரு எழுத்துப்பிழையையும் தொட வேண்டாம். இரண்டாவதில் பந்திகளின் ஒழுங்கும் மேற்கோளும். மூன்றாவதில்தான் வசனம். எல்லாவற்றையும் முதல் வரைவிலேயே சிவப்பாக்கினால், மாணவர் முன்னிடைச் சொல்லைத் திருத்திவிட்டு இல்லாத வாதத்தை அப்படியே திருப்பித் தருவார்.

பெரிய வகுப்பில் எல்லாவற்றையும் நீங்கள் வாசிக்க முடியாது. சக மாணவர் வாசிக்க வேண்டும். ஆனால் நண்பரின் எழுத்தைக் குறை சொல்ல எங்கள் பிள்ளைகள் கூச்சப்படுவார்கள். "நல்லாயிருக்கு" என்று எழுதித் திருப்பித் தருவார்கள். கருத்துக் கேட்காமல் வேலை கொடுங்கள்: கட்டுரையின் கேள்வியை அடிக்கோடிடுக; சான்று இல்லாத மூன்று வசனங்களின் அருகே "எப்படித் தெரியும்?" என்று எழுதுக, உமக்கு விளங்காத ஒரு பந்தியைக் குறிக்க. இப்படிக் கேட்டால் ஒருவரும் மனம் நோகாமல் வேலை நடக்கும். பொதுவான பிழைகளைப் பெயர் சொல்லாமல் திரையில் போட்டு எல்லோருமாகத் திருத்துங்கள்.

ஒப்புமை கண்டறியும் மென்பொருள் தரும் சதவீதத்தைத் தீர்ப்பாக எடுக்காதீர்கள். உசாத்துணைப் பட்டியலும் முறையியலின் வழக்கமான தொடர்களும் சதவீதத்தைக் கூட்டும். நன்றாக மறைத்த திருட்டு குறைத்துக் காட்டும். அறிக்கையைத் திறந்து வரி வரியாகப் பாருங்கள், மாணவரையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு.

எழுதி முடிந்த பிறகு

நல்ல கட்டுரைகளைப் பீடத்தின் மாணவர் ஆய்வரங்குக்கு அனுப்பத் தூண்டுங்கள். மின்னஞ்சலில் தானாக வந்து, சில நாட்களில் பிரசுரிப்பதாகச் சொல்லிக் காசு கேட்கும் இதழ்களைப் பற்றி எச்சரியுங்கள். ஆசிரியர் குழுவில் இருப்பவர்களை உண்மையில் தேடிப் பார்க்கவும், ஓப்பின் அக்செஸ் (எவரும் இலவசமாக வாசிக்கக்கூடிய) இதழ்களின் சர்வதேசப் பட்டியலில் அது இருக்கிறதா என்று பார்க்கவும் பழக்குங்கள்.

இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. பாடசாலையிலோ கமக்காரர் அமைப்பிலோ தரவு எடுத்த ஒவ்வொரு மாணவரும், கண்டுபிடித்ததைத் தமிழில் ஒரு பக்கமாக எழுத வேண்டும்: என்ன கேட்டோம், நீங்கள் என்ன சொன்னீர்கள், நாங்கள் என்ன விளங்கிக்கொண்டோம், எது இன்னும் விளங்கவில்லை. அதைத் தபாலில் போடாமல் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். "நாங்கள் சொன்னது அப்படி இல்லை, தம்பி" என்று அங்கே யாராவது சொன்னால், ஆய்வேட்டைக் கட்டக் கொடுக்கும் முன் அந்தத் திருத்தம் கலந்துரையாடல் பகுதியில் ஏற வேண்டும். அதற்காகப் பருவ அட்டவணையில் 13ஆம் வாரத்தை முன்கூட்டியே காலியாக விட்டுவையுங்கள்.